அரண்மனைக்காரன் தெரு

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, இலண்டனில் செவிலியாகப் பணியாற்றும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிப்பு முடிந்தது. "அம்மாவும் போய்விட்ட பிறகு அங்கே தனியாக இருந்து என்ன செய்கிறீர்கள் அப்பா, இங்கு வந்துவிடுங்கள்" என்னும் வழக்கமான வற்புறுத்தலும் முடிந்தது. அதன்பின் அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் புதிதாக இருந்தது.

"அப்பா, சென்னையில் ஆர்மேனியர் கோயில் ஒன்று இருக்கிறதாமே, அங்கே இன்னும் மணி அடிக்கிறார்களா?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஏனெனில், ஏழு வயது முதல் அந்தத் தெருவில் நடந்தவன் நான். செவ்வாய்க்கிழமைகளில் என் தாயார், தறி வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு புனித அந்தோணியார் கோயிலுக்குப் புறப்படுவார். இணைப்பேராலயமாகிய அத்தூய மரியன்னை ஆலயத்தைப் பாரிமுனைப் பக்கத்து மக்கள் அந்தோணியார் கோயில் என்றே அறிவர். வாசகர்களில் பலரும் அங்கே மெழுகுதிரி ஏற்றியிருப்பீர்கள். அந்தத் தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். எந்த அரண்மனை, யாருடைய அரண்மனை என்று சிறுவனாகிய நான் ஒவ்வொரு முறையும் தேடுவேன். ஒன்றும் தென்படாது. அதே தெருவில், உயர்ந்த மதிலும் பழைய கதவும் கொண்ட வேறொரு கோயிலைக் கடந்துதான் போவோம். "அது நம் கோயில் இல்லை" என்று அம்மா சொல்வார். அதோடு சரி. ஆர்மேனியன் என்ற சொல் நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் ஆயிற்று என்பதை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அறிந்த பிறகும் உள்ளே போய்ப் பார்த்தேனில்லை.

மகள் அக்கேள்வியைக் கேட்கக் காரணம், அவளுடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு மூதாட்டி. அவர் சைப்ரசு தீவில் பிறந்தவர், இனத்தால் ஆர்மேனியர். என் மகள் சென்னைக்கு அருகிலிருந்து வந்தவள் என்று கேட்டதும், அந்த அம்மையார் அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "மதராசா? எங்கள் முதல் பத்திரிகை அச்சான ஊர் அல்லவா அது!" என்றாராம். தம் பள்ளிப் புத்தகத்தில் அவ்வூரின் பெயரைப் படித்திருந்தாராம். அதன்பின் அவர் கேட்டதைத்தான் மகள் என்னிடம் கேட்டாள்.

அந்த அம்மையாரின் கதையை மகள் வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சொன்னாள். சைப்ரசு 1878 முதல் 1960 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தீவு. கிரேக்க மொழியினர் பெரும்பான்மையோர்; துருக்கி மொழியினர் சிறுபான்மையோர். இவர்களுக்கிடையே மிகச் சிறு கூட்டத்தாராக ஆர்மேனியர், மாரோனியர், இலத்தீனர் ஆகிய மூவகைக் கிறிஸ்தவரும் வாழ்ந்தனர். 1960-இல் விடுதலை பெற்ற தீவின் அரசியல் சட்டம் இம்மூன்றையும் சமயக் குழுக்களாக ஏற்றது. அப்போது ஆர்மேனியர் தொகை ஏறத்தாழ 3,600. அவர்களுள் பெரும்பாலோரின் பெற்றோர், 1915-இல் துருக்கியப் பேரரசில் நிகழ்ந்த படுகொலைக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களில் பலர் வேறு நாடுகளுக்குப் போய்விட, எஞ்சியவர்கள் தலைநகரான நிக்கோசியாவில் ஒரு பகுதியில் கூடி வாழ்ந்தனர். 1926-இல் அனாதைப் பிள்ளைகளுக்கென மெல்கோனியன் பள்ளி எழுந்தது. நம் மூதாட்டி படித்தது அங்கேதான். 1963-ஆம் ஆண்டின் இறுதியில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் கலகம் மூண்டது. ஆர்மேனியரின் குடியிருப்பும், அவர்களுடைய பழமையான கோயிலும் துருக்கியர் வசமான பக்கத்தில் சிக்கிக்கொண்டன. இருபது வயதுப் பெண்ணாயிருந்த இவர், கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு குடும்பத்தாருடன் வெளியேறினார். பிறகு இலண்டன்.

இலண்டனின் வடபகுதியில் சைப்ரசுக்காரர் முன்னரே நிறைய இருந்தனர். 1950-களில் வேலை தேடி வந்தவர்கள் முதலில் கேம்டன் டவுனில் குடியேறினர். பின்பு பிள்ளைகுட்டிகள் பெருகவே வடக்கே ஹேரிங்கே, பாமர்ஸ் கிரீன் என்று நகர்ந்தனர். 1974-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இன்னும் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். ஆண்கள் உணவு விடுதிகளிலும், பெண்கள் உடை தைக்கும் தொழிற்கூடங்களிலும் உழைத்தனர். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துத் துண்டுக் கணக்கில் கூலிக்குத் தைத்த பெண்கள் ஏராளம். இந்த அம்மையாரும் முப்பது ஆண்டுகள் அவ்வாறு தைத்தவர். இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் தனியொரு உரிமை தோன்றிவிட்டது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவனுக்கு, மற்றொரு கூலிக்காரரின் விரல்வலி புரியும்.

நான் திருப்புட்குழியில் பட்டு நெய்தவன். எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுச்செட்டிச் சத்திரத்தை ஒட்டி இருக்கிறது. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடி மாண்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஊரார் நம்பிக்கை. விசயராகவப் பெருமாள் கோயிலின் திருக்குளத்துக்குச் சடாயு தீர்த்தம் என்றே பெயர். பெற்ற மகன் செய்ய வேண்டிய கடனை வழிப்போக்கனாக வந்தவன் செய்தான் என்று, பக்கத்து வீட்டு வைணவப் பாட்டி எனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறார். நெசவாளன் பிள்ளைக்கோ குழி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குழித்தறிதான். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு மிதியை மிதித்துக்கொண்டு, நாள் முழுதும் அதன் விளிம்பில் உட்கார்ந்திருப்போம்.

எங்கள் குடும்பமும் வந்தேறிய குடும்பமே. என் பாட்டனார் திண்டிவனம் பக்கத்தவர். பஞ்ச காலத்தில் வந்து, ஒரு நெசவுக்காரர் வீட்டில் கோர்வைக்குக் கைகொடுக்கும் ஆளாகச் சேர்ந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் காஞ்சிப் புடவையில், ஓரத்து நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அவ்வேலைக்குப் பெரும்பாலும் சிறுவர்களே அமர்வர். அவரைத் தொடர்ந்து உறவினரும் ஊராரும் சிலர் வந்தனர். 1958-இல் என் தந்தையார் ஒரு நீளக் குறிப்பேட்டில், ஊரிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களைக் கணக்கெடுத்து எழுதினார். 14 குடும்பம், 71 பேர். திருப்பலிக்குக் காஞ்சிபுரம் போவோம். நாமும் ஒரு சிற்றாலயம் கட்டிக்கொள்ளலாம் என்று, ஒவ்வொரு புடவைக் கூலியிலும் நாலணா எடுத்துவைத்து, ஊர் எல்லையில் ஐந்து சென்ட் நிலம் வாங்கினார்கள். அதில் ஒரு வேப்பமரமும், அதன் கீழே ஒரு மரச் சிலுவையும் உண்டு. ஆலயம் எழவில்லை.

அந்தக் குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. திருமணம், ஞானஸ்நானம், இறப்பு, வெளியூர் சென்றவர் என்று நான்தான் எழுதி வருகிறேன். விசைத்தறி வந்தது. கூலி விலைவாசியோடு ஓடமுடியாமல் பின்தங்கியது. 1990-களின் இறுதியில் திருப்பெரும்புதூர்ச் சாலையில் மோட்டார் தொழிற்சாலைகள் எழுந்தன. தறிக்குழியில் இறங்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? படித்தவர்கள் இன்னும் தொலைவு போனார்கள். வளைகுடா, சிங்கப்பூர், இலண்டன். என் மகளை அனுப்பியவனே நான்தான்; ஆகையால் எவரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இன்று குறிப்பேட்டின்படி ஊரில் எஞ்சியிருப்பது 3 குடும்பம், 7 பேர். சென்ற ஆண்டு அந்த ஐந்து சென்ட் நிலத்தை வாங்க ஒருவர் வந்தார். நல்ல விலை. விற்றுப் பங்கிற்குக் கொடுத்துவிடலாம் என்பது மற்ற இரு குடும்பத்தாரின் எண்ணம். கையொப்பமிட வேண்டிய தாள் என் மேசை இழுப்பறையில் மூன்று மாதமாகக் கிடந்தது. இந்த நேரத்தில்தான் மகளின் கேள்வி வந்தது.

உயிர்ப்பு விழா கழிந்த மறுவாரம் காஞ்சியில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினேன். அன்று வேலைநாள். அரண்மனைக்காரன் தெருவின் இரைச்சலிலிருந்து அந்தப் பழைய கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தவுடன், ஒலி அப்படியே அடங்கிப்போயிற்று. நிழல் தரும் மரங்கள். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். வெண்சுவர்க் கோயில் ஒரு புறம். அதனின்று பிரிந்து மணிக்கோபுரம் தனியே நிற்கிறது. காவலர் தமிழர். வருகைப் பதிவேட்டில் பெயரெழுதச் சொன்னார். ஊர் என்னும் இடத்தில் திருப்புட்குழி என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, "பட்டா?" என்றார். "பட்டுத்தான்" என்றேன்.

பட்டு என்ற சொல் அங்கே பொருத்தமானது என்பதைப் பின்னர்ப் படித்தபோது உணர்ந்தேன். ஆர்மேனியரைப் புலம்பெயரச் செய்ததில் போரோடு பட்டுக்கும் பங்கு உண்டு. பாரசீகத்தின் ஷா அப்பாஸ், துருக்கியரோடு போரிட்டுக்கொண்டிருந்த 1604-ஆம் ஆண்டு, அராஸ் நதிக்கரையிலிருந்த ஜுல்பா என்னும் வணிக நகரத்து ஆர்மேனியரை வீடு வாசலோடு பெயர்த்துத் தன் தலைநகரான இஸ்பஹானுக்கு ஓட்டிச் சென்றார். பழைய நகரம் அழிக்கப்பட்டது. நதியைக் கடக்கையிலும் வழியிலும் மாண்டவர் பலர். ஆனால் அதே மன்னர், அவர்கள் குடியேறப் புது ஜுல்பா என்னும் ஊரை அமைத்துக் கொடுத்து, கோயில் கட்டிக்கொள்ளவும் இசைந்து, பாரசீகப் பட்டு வணிகத்தையும் அவர்கள் கையில் ஒப்படைத்தார். அகதிகளாக வந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் பெருவணிகராயினர். புது ஜுல்பாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், சூரத், சென்னை, மணிலா வரை அவர்களுடைய கணக்கர்கள் பரவினார்கள். ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லாத காலத்திலும், சோழமண்டலக் கரையின் துணிகளை அங்கே கொண்டுபோய் விற்றவர்கள் ஆர்மேனியரே. நம் நெசவாளர் நெய்த துணியும் அந்த மூட்டைகளில் போயிருக்கும்.

உண்மையில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1517-இல் போர்த்துக்கீசியரை மயிலாப்பூருக்கு அழைத்து வந்து, புனித தோமையாரின் கல்லறையைக் காட்டியவர் ஓர் ஆர்மேனிய வணிகர். கத்தோலிக்கராகிய நாம் அடிக்கடி மறந்துவிடும் செய்தி இது.

இப்போது ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1688-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள், இலண்டனில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கோஜா பானுஸ் கலந்தர் என்னும் ஆர்மேனியப் பெருவணிகரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கம்பெனியின் எந்தக் குடியிருப்பிலேனும் ஆர்மேனியர் 40 பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால், அவர்களுக்கு நிலமும் கொடுத்து, முதலில் மரத்தாலாவது ஒரு கோயிலும் கட்டிக் கொடுப்பது. குருவின் செலவுக்காக ஏழு ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 50 பவுன் அளிப்பது. வணிகரைத் தம் துறைமுகங்களுக்கு இழுக்கக் கம்பெனியார் செய்த சூழ்ச்சிதான் இது. பக்தி ஒன்றும் இல்லை. ஆயினும் 40 என்ற அந்த எண் என்னை விடவில்லை. 1958-இல் நாங்கள் 71 பேர் இருந்தோமே! எங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளத்தான் எந்தக் கம்பெனியும் வரவில்லை.

சென்னை ஆர்மேனியர் 1712-இல் மரத்தாலான கோயிலைக் கட்டினர். இப்போதுள்ள கோயில் 1772-ஆம் ஆண்டினது. அன்னை மரியாளின் பெயரால் அமைந்தது. இவர்கள் நம் உரோமைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஐந்தாம் நூற்றாண்டில் கால்சதோன் சங்கத்தின் தீர்மானத்தை ஏற்காமல் பிரிந்த தொன்மையான திருச்சபை அவர்களுடையது. இருப்பினும், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் கிறிஸ்துவை ஏற்ற முதல் மக்கள் என்ற பெருமையும் அவர்களுக்கே உரியது. அவர்களுடைய துறவியும் புலவருமான நாரேக் கிரகோரியாரை 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். "அது நம் கோயில் இல்லை" என்ற என் தாயாரின் சொல்லை இதனால் நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவர் அறிந்த அளவில் அது சரியே.

சென்னை ஆர்மேனியருள் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். புது ஜுல்பாவில் பிறந்து, சென்னையில் பெரும் பொருள் ஈட்டியவர். பரங்கிமலையில் தோமையார் ஆலயத்துக்கு ஏறும் கற்படிகளை அமைத்தவர் இவரே. அம்மலைக்குத் திருப்பயணம் போகிறவர்கள் அடையாற்றைக் கடக்க அல்லலுறுவதைக் கண்டு, 1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். பழுதுபார்க்கவென்று தனியே 1,500 வராகன் விட்டுச் சென்றார். ஆங்கிலேயர் அப்பாலத்தை மார்மலாங் பாலம் என்றனர். மாம்பலம் என்பது அவர்கள் வாயில் அவ்வாறு ஆயிற்று. நாம் ஆர்மேனியனை அரண்மனைக்காரன் ஆக்கினோம், கணக்குச் சரியாகிவிட்டது. 1966-இல் அப்பாலத்துக்கு மாற்றாக மறைமலையடிகள் பாலம் எழுந்தது. எத்தனை முறை பேருந்தில் அதைக் கடந்து மலைக்குப் போயிருக்கிறேன்! அப்படிகளில் முழங்காலால் ஏறியவர்களும் நம்மிடையே உண்டு. யார் கட்டியது என்று ஒருவராவது கேட்டோமா?

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது உஸ்கான் அவர்கள் பக்கம் சேர மறுத்து, உடைமைகளைப் பறிகொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். அவர்கள் காட்டிய நன்றியைக் கேளுங்கள்: கத்தோலிக்கரும் ஆர்மேனியரும் பிரெஞ்சுக்காரருக்கு உடந்தையாயிருந்தனர் என்று ஐயுற்று, கோட்டையை அடுத்த வெள்ளையர் பட்டணத்தில் அவர்கள் குடியிருக்கலாகாது என்றனர். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மற்றவர்கள் வெளிப்பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். இன்றைய தெருவுக்கு அவர்கள் பெயர் நிலைத்தது இவ்வாறு வெளியேற்றப்பட்டதன் பிறகுதான் என்பது ஒரு விந்தை. உஸ்கான் 1751-இல் இறந்தார். வேப்பேரியில் தாம் ஆதரித்து வந்த மாதா கோயிலில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் அவர் விருப்பப்படி, இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பேழையில் வைத்துப் புது ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாழ்ந்த ஊருக்கு உடல், பிறந்த ஊருக்கு இதயம் என்று அந்த மனிதர் பங்கிட்டுக் கொடுத்தார். அவருக்குப் பணம் இருந்தது, செய்ய முடிந்தது. என் மனைவி காஞ்சிக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். மகள் இலண்டனில் இருக்கிறாள். "வந்துவிடுங்கள்" என்று அவள் சொல்லும்போதெல்லாம், நான் வாய்விட்டுச் சொல்லாத பதில் இந்தப் பங்கீட்டைப் பற்றியதுதான்.

அந்தக் கோயில் வளாகத்தில் ஏறத்தாழ 350 ஆர்மேனியர் அடக்கமாகியிருப்பதாகச் சொல்கிறார்கள். பலகைகளில் அவர்களுடைய எழுத்து. ஐந்தாம் நூற்றாண்டில் மெஸ்ரோப் என்னும் துறவி வகுத்த எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கற்தச்சர் உளியைப் பிடித்த அழகு தெரிந்தது. அவர்கள் நம்மூர்த் தச்சர்களாய்த்தான் இருந்திருக்க வேண்டும். பொருள் தெரியாத எழுத்தைப் பிழையின்றி வெட்டுவது எளிதன்று. வாசிக்கத் தெரியாத வணிகப் பெயரைப் புடவை முந்தானையில் ஜரிகையால் நெய்து கொடுத்த அனுபவம் எனக்கும் உண்டு.

அங்கே அடக்கமாகியுள்ள ஒரு குருவின் பெயர் ஹருத்யுன் ஷ்மாவோனியன். ஷிராஸ் நகரத்தவர். தம் இரு மைந்தரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். துயரத்தை அச்சு வேலையில் கரைக்கப் பார்த்தார் போலும். சென்னையில் ஓர் அச்சகம் நிறுவி, 1794-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். ஆர்மேனிய மொழியில் உலகிலேயே முதலில் வெளிவந்த பத்திரிகை அது. 18 இதழ்களோடு 1796-இல் நின்றுவிட்டது. அவர் 1824 வரை வாழ்ந்தார். திங்களிதழ் நடத்துவோரின் பாடு எக்காலத்தும் ஒன்றே என்று நம் ஆசிரியர் புன்னகை செய்யக்கூடும். ஆனால் அந்த 18 இதழ்களுக்காகத்தான், நிக்கோசியாவில் அனாதைகளுக்காக எழுந்த பள்ளியில், ஒரு சிறுமி நம் சென்னையின் பெயரை மனப்பாடம் செய்தாள். அப்பத்திரிகைக்கு முன்னரே, ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் வணிகர் 1770-களில் இங்கு ஓர் அச்சகம் வைத்து, தம் மக்களுக்கு நாடு ஒன்று அமையுமானால் அதற்கு வேண்டிய சட்டங்களை எழுதி நூலாக அச்சிடச் செய்தார். நாடே இல்லாதவர்களுக்கு அரசியல் சட்டம்! ஆர்மேனியக் குடியரசு பிறந்தது 1918-இல். அதுவும் இரண்டு ஆண்டே நிலைத்தது. மீண்டும் விடுதலை பெற்றது 1991-இல்.

பிறகு என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியைக் காவலரிடமே கேட்டேன். "போய்விட்டார்கள்" என்றார். சுருக்கமானாலும் சரியான விடை. அவர்களை எவரும் அடித்து விரட்டவில்லை. ஆங்கில வணிக நிறுவனங்கள் ஓங்கியதும் சென்னையில் அவர்கள் தொழில் சுருங்கியது. வாய்ப்புள்ளவர்கள் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தனர். அங்கே 1724-இலேயே நாசரேத்து ஆலயம் எழுந்திருந்தது. 1821-இல் கல்லூரி என்னும் பெயரால் ஒரு பள்ளியும் தோன்றியது. சிலர் ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். சிங்கப்பூரின் புகழ்பெற்ற ராபிள்ஸ் விடுதியை 1887-இல் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள் புது ஜுல்பாவினரே. டாக்காவில் 1781-இல் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது. அப்பகுதிக்கு ஆர்மானிடோலா என்று பெயர். 1947-க்குப் பிறகு கல்கத்தாவினரும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிந்து போனார்கள். சென்னைக் கோயிலில் கூடி வழிபட இன்று ஒரு சபை இல்லை. கோயிலைப் பராமரிக்கும் செலவைக் கல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபையினர் ஏற்கின்றனர். 40 பேர் இருந்தால் கோயில் என்பது உடன்படிக்கை. ஒருவரும் இல்லாவிட்டால் கோயிலை என்ன செய்வது என்று அந்த உடன்படிக்கையில் எழுதவில்லை. எழுதாததை அவர்கள் தாமாகவே செய்து வருகிறார்கள்.

கோபுரத்தில் ஆறு மணிகள் இருக்கின்றன. அவற்றுட் சில இலண்டனில் வார்த்தவை. ஞாயிறுதோறும் காலை ஒன்பதரைக்கு அடிப்பது வழக்கம் என்றார் காவலர். நான் போனதோ வேலைநாள். ஆகவே இரு வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று விடியுமுன் எழுந்து மறுபடி சென்றேன். ஒன்பதரைக்கு மணி ஒலித்தது. உள்ளே நின்றவர்கள் நானும், வெளியூரிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டிருந்த இரு மாணவரும் மட்டுமே. நான் என் கைப்பேசியில் அதைப் பதிவு செய்தேன். தெருவில் ஒரு வண்டியின் ஊதொலியும் நடுவில் கலந்துவிட்டது. அப்படியே மகளுக்கு அனுப்பினேன்.

ஊர் திரும்பியதும் இழுப்பறையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு மற்ற இரு வீடுகளுக்கும் போனேன். கையொப்பமிடுவதற்குமுன், ஊரைவிட்டுப் போன பதினொரு குடும்பத்தாரையும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்றேன். நாலணா நாலணாவாகச் சேர்த்தது அவர்களுடைய பெற்றோரும்தானே? ஒரு வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு வீட்டிலோ, "கேட்டால் எல்லாரும் விற்கவேண்டாம் என்றுதான் சொல்வார்கள் அண்ணா, புல் வெட்ட எவரும் வரமாட்டார்கள்" என்றார் அந்த அம்மா. அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. கல்லறைத் திருநாளன்று காஞ்சித் தோட்டத்தில், போனவர்களின் வீட்டுக் கல்லறைகள் இருபதுக்குமேல் நானும் அவருடைய கணவருமே செதுக்கித் துடைக்கிறோம். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை நான்கு பதில்கள் வந்துள்ளன. இரண்டு பேர் விற்கலாம் என்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்கிறார். நான்காமவர், வேப்பமரம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மகள் அடுத்த ஞாயிறு அழைத்தாள். மணியோசையை அந்த அம்மையாருக்குப் போட்டுக் காட்டினாளாம். அவர் தையல் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை கேட்டாராம். நிக்கோசியாவில் அவர்கள் விட்டு வந்த கோயில், பாழடைந்து கிடந்து, பின்பு செப்பனிடப்பட்டு, 2014-இல் அரை நூற்றாண்டுக்குப்பின் அங்கே முதல் வழிபாடு நடந்தது. அன்று அவரால் போக இயலவில்லை. அந்த மணியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

"உங்கள் அப்பா எந்த ஊர்க்காரர்?" என்று அவர் கேட்டதற்கு, மகள் ஊர்ப்பெயரின் பொருளைச் சொல்லியிருக்கிறாள். பறவையை அடக்கம் செய்த ஊர். "அது யாருடைய பறவை?" என்று கேட்டாராம் மூதாட்டி. "யாருடையதும் இல்லை, வழியில் கிடந்தது" என்று மகள் சொன்னாளாம். பாட்டியிடம் கதை கேட்டு வளராத பிள்ளை. விடையும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நான் திருத்தவில்லை.

"அப்பா, இன்னொன்றும் கேட்கச் சொன்னார். எத்தனை மணிகள் அடித்தன? ஆறுமா, அல்லது ஒன்றிரண்டுதானா?"

நான் எண்ணவில்லை. கைப்பேசியைப் பிடிப்பதிலேயே கவனமாயிருந்துவிட்டேன். பதிவைப் போட்டுக் கேட்டாலும் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே வரும் ஞாயிறு மீண்டும் போகிறேன். திருப்பலியைச் சனிக்கிழமை மாலையே காஞ்சியில் கண்டுவிட்டு, முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும்.